தாகம் எடுக்கும் முன்

அண்ணன் கொண்டுவந்த படத்தை என் வெட்டு மேசைமேல் விரித்தான். சைக்கிள் சட்டையின் முதுகுப் பக்கம். மேலே என் கணவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில், ‘தாகம் எடுக்கும் முன் குடி!’

“எப்படி இருக்கு?” என்றான்.

நான் விளையாட்டுத் துணி தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவள். அண்ணன் நடத்தும் சைக்கிள் குழுவுக்குச் சட்டை, கால்சட்டை எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். எத்தனையோ அசட்டு வாசகங்களை ஆட்களின் முதுகில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஒன்றுக்கும் முகம் சுளித்ததில்லை. ஆனால் இதைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பது நல்லதாகப் படவில்லை.

“எழுத்து வேண்டாம் அண்ணா. படம் மட்டும் போதும்.”

“எழுத்துக்காகத்தான் படமே. மாப்ள போனது வீணாப் போகக் கூடாதுல்ல? இதப் பாத்து நாலு பேராவது ஒழுங்கா தண்ணி குடிக்கட்டும்.”

என் கணவர் தண்ணீர் குடிக்காமல் சாகவில்லை. தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் செத்தார். இது எனக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது, தெரியவே கூடாது என்று ஒரு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் குடிக்க வைத்தவன் அவன்.

இந்த சைக்கிள்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பி, நெடுஞ்சாலையில் வெயிலைத் தின்றுவிட்டு மத்தியானம் வீடு திரும்புகிறவர்கள். டயர் மெல்லியதாக இருக்க வேண்டுமா, கொஞ்சம் பருமனாக இருக்க வேண்டுமா என்ற சண்டையில் பேச்சுவார்த்தையே நின்றுபோன இரண்டு பேர் இந்தக் குழுவில் உண்டு. எடைமெஷின் என்று ஒருவர். சைக்கிளில் இருக்கும் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சமையலறைத் தராசில் நிறுத்து, லேசானதாக மாற்றுவார். தொப்பை மட்டும் அப்படியே இருக்கும். என்னிடம் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, கால்சட்டைக்குள் வைக்கும் மெத்தையைப் பற்றிக் கேட்பார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்கு முகம் சிவந்துவிடும். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒரு பொருளை வாங்குவதற்கு முன் இவ்வளவு யோசிக்கிறவர்கள், அண்ணன் சொன்னால் மட்டும் யோசிக்கவே மாட்டார்கள்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். விசில் இல்லாமல் அவனுக்குப் பேசத் தெரியாது. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்குத் தலை பின்னிவிடக்கூட ஆள் இல்லை. அவன்தான் பின்னினான், கோணல்மாணலாக. படிக்க வைத்தான், கல்யாணம் செய்து வைத்தான். அதனால் அவன் விசிலுக்கு நானும் அடங்கித்தான் கிடந்தேன்.

என் கணவருக்கு வேலை கண்ணாடிக் கடையில், லென்ஸ் தேய்ப்பது. சீட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு ஒரு நூல் கூடவோ குறையவோ தேய்க்க மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடச் சொன்னால், சாப்பாட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே போட்டுவிடுவார். உட்கார்ந்தே வேலை செய்து உடம்பு கனத்துவிட்டது. அண்ணன்தான் சைக்கிளில் ஏற்றிவிட்டான். குழுவிலேயே மெதுவாக ஓட்டுகிறவர் இவர்தான். ஆமை என்று பெயர் வைத்தார்கள். கோபித்துக்கொள்ளவில்லை. சைக்கிள் மணியின்மேல் ஆமை படம் ஒன்றை ஒட்டிக்கொண்டு வந்தார். அந்த மனிதர்மேல் எனக்கு ஆசை என்று அப்போதெல்லாம் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அவர் சேர்ந்த வருஷம் கோடையில் ஒருத்தர் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டார். அண்ணனுக்கு அது பெரிய அவமானம். தன் பாதுகாப்பில் வந்த ஆள் விழுவதா? அன்றைக்கே ஒரு சட்டம் போட்டான். அவன் விசில் ஊதினால் எல்லோரும் பாட்டிலை எடுத்துக் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது, தாகம் எடுத்தால் உடம்பு ஏற்கெனவே காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் தார் ரோட்டில் எல்லோர் முன்னாலும் தண்டால். பெரிய பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள்போல வரிசையில் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அவர் கடைசியாக ஓட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் கேன்களும் காற்றடிக்கும் பம்பும் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வரும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் ஓட்டுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மற்றவர்கள் முன்னால் பறந்துவிட்டார்கள். ஆமையார் மட்டும் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே ஊர்ந்துகொண்டிருந்தார். அண்ணன் முன்னாலும் போவான், திரும்பியும் வருவான். திரும்பி வரும்போதெல்லாம் இவருக்கென்று தனியாக ஒரு விசில்.

“மாப்ள, குடிங்க!”

இவர் உடனே பாட்டிலை எடுப்பார். மற்றவர்கள் நான்கு மணி நேரத்தில் முடிக்கும் தூரம் இவருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் குடி, குடி என்றால் எவ்வளவு தண்ணீர் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் போகிறவருக்கு அவ்வளவு வேர்க்கவும் வேர்க்காது.

இரண்டாவது நிறுத்தம் ஒரு பெட்ரோல் பங்க். இவர் இறங்கி நின்றதும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சட்டைதான். காலையில் கழுத்துவரை ஜிப்பை ஏற்றிவிட்டதே நான். அளவெடுத்ததும் நான், வெட்டியதும் நான். இப்போது கை எலாஸ்டிக் சதைக்குள் பதிந்து கிடந்தது. வயிற்றில் துணி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துணி சுருங்குகிற ஜாதியும் இல்லை.

“அண்ணா, இவருக்கு உடம்பெல்லாம் உப்பிக் கிடக்கு பாரு.”

“வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும். தண்ணி பத்தல. மாப்ள, இன்னொரு பாட்டில்.”

“வயிறு ரொம்பி இருக்கு மச்சான்” என்றார் இவர். அவர் மறுத்துப் பேசி நான் கேட்டதே அந்த ஒரு தடவைதான்.

“வயிறு வேற, உடம்பு வேற. குடிங்க.”

குடித்தார். கவிழ்த்தும் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச தூரம்தான் ஓட்டினார். சைக்கிள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி அலையத் தொடங்கியது. டிரைவர் ஹாரன் அடித்தார். இவர் இறங்கி, சைக்கிளைச் சாய்க்காமல் அப்படியே கைவிட்டுவிட்டு, ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தார். வெறும் தண்ணீர். நிறம்கூட இல்லை. தலை பிளக்கிறது என்றார். அண்ணன் திரும்பி வந்து பார்த்துவிட்டு, “குடிச்சதெல்லாம் வெளிய போயிடுச்சே, திரும்ப ரொப்பணுமே” என்று பதறினான். பதறினான் என்றுதான் சொல்ல வேண்டும். இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குப் புகட்டுவதுபோல வாயில் ஊற்றினான். இவர் என்னைப் பார்த்து, “கடையைப் பூட்டியாச்சா?” என்றார். நான் பேசுவதற்குள், “நீங்க யாரு?” என்றார். வேனில் ஏற்றும்போது கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் பாட்டில் அண்ணன் கையில்தான் இருந்தது.

அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர். எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்றுதான் முதலில் கேட்டார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

“ஒரு நிமிஷம்கூட அவரைத் தாகமா விடல டாக்டர்.”

மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் கீழே ஆட்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தபோது டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியை இழுத்து என் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தார். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததால் ரத்தத்தில் உப்பு மிகவும் இறங்கிவிட்டது, அதனால் மூளை வீங்கிவிட்டது, வாந்தியும் குழப்பமும் அதன் அறிகுறிதான், அதற்கு மேலும் தண்ணீர் கொடுத்ததுதான் கெடுத்துவிட்டது என்று பொறுமையாகச் சொன்னார்.

“அப்ப வெயில் இல்லையா?”

“வெயிலை அவர் தாங்கியிருப்பாரும்மா.”

நான் அழவில்லை. அண்ணன் முகம்தான் கண்முன் வந்தது. “இதை எங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்று கெஞ்சினேன். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, சரி என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார்.

துக்கம் விசாரிக்க வந்த எடைமெஷின் என் எதிரில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். “நாங்கல்லாம் மாஸ்டரை ஏமாத்துவோங்க. பாதியை ரோட்ல ஊத்திடுவோம், மீதியைத் தலையில ஊத்திப்போம். பாட்டில் காலியா இருந்தா போதும்ல? இவர் ஒருத்தர்தான் சொன்னபடி மொத்தமும் குடிப்பாரு. அப்படிக் குடிச்ச மனுஷனையே வெயில் அடிச்சிடுச்சே. நியாயமா எங்களைல்ல அடிச்சிருக்கணும்?” என்றார். என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரை ஏமாற்றத் தெரியாத ஒரே காரணத்துக்காகவா ஒரு மனிதன் சாவான்?

அண்ணன் உருக்குலைந்து போனான். பல நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. என் வீட்டுக்கு வந்து, இவருடைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, அழுக்கே இல்லாத செயினைத் துடைத்துக்கொண்டிருப்பான். சோறு போட்டால் பிசைந்துகொண்டே இருப்பான். உண்மை தெரிந்தால் இவன் உயிரோடு இருக்க மாட்டான் என்று பயந்தேன். அந்த வருஷத்தில் இன்னொரு சாவைத் தூக்க என் தோளுக்குத் தெம்பு இல்லை. அதனால் யார் கேட்டாலும் வெயில் என்றேன். என் வாயாலேயே சொன்னேன்.

பிறகு அவன் தேறினான். தேறியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சட்டத்தை இறுக்கினான். முன்பைவிட அடிக்கடி விசில். முன்பைவிடப் பெரிய பாட்டில். ஆட்களும் பயந்து போயிருந்தார்கள். யாரும் இப்போது ரோட்டில் ஊற்றுவதில்லை, நிஜமாகவே குடித்தார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“தாகம் எடுத்தா குடிச்சாப் போதாதா அண்ணா? உடம்புக்குத் தெரியாதா?”

என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னான். “அப்படி மெத்தனமா இருந்துதான மாப்ளயப் பறிகொடுத்தோம்?”

பாவம், நம்பிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவன்மேல் இரக்கம்கூட வந்தது.

நினைவு நாள் ஓட்டத்துக்குத்தான் அந்த வாசகச் சட்டை. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் நானே வெட்டினேன். அவர் முகத்தின்மேல் சுருக்கம் விழாமல் துணியை நீவிவிட்டு வெட்ட வேண்டியிருந்தது.

அளவு கொடுக்கப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வந்தாள். நர்சரிப் பள்ளியில் டீச்சர். பூசினாற்போல உடம்பு, வெள்ளந்தியான சிரிப்பு. சீட் உயரம் எவ்வளவு இருந்தால் முட்டி வலிக்காது, வெயிலுக்கு முழுக்கைச் சட்டை நல்லதா அரைக்கையா என்று ஆயிரம் கேள்வி. முழுக்கை நல்லது, வெள்ளைத் துணி இன்னும் நல்லது என்றேன். “எனக்கு வேகமே வராதுக்கா. கடைசியாத்தான் வருவேன். என்னை ரெண்டாவது ஆமைங்கறாங்க” என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அளவு நாடாவை அவள் தோளில் வைத்தபடியே மெல்லச் சொன்னேன். “விசிலுக்கெல்லாம் குடிக்காதம்மா. தாகம் எடுத்தாக் குடி. மீதியைக் கீழ ஊத்திடு.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “அது ஏமாத்துறது இல்லையாக்கா? மாஸ்டர் நம்ம நல்லதுக்குத்தான சொல்றாரு? உங்க வீட்டுக்காரர் விஷயத்துக்கப்புறமுமா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணன் முகம் குறுக்கே வந்தது. “சரி, ஜாக்கிரதையா ஓட்டு” என்று அனுப்பிவிட்டேன். அவள் போனபின் எனக்கு வேலை ஓடவில்லை. நினைவு நாளன்று வேனில் நானும் வருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் நெகிழ்ந்துபோய் என் தலையைத் தடவினான்.

அன்றைக்கு வெயில் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. தூரத்தில் ரோடு ஈரமாக இருப்பதுபோல மினுங்கியது. இருபது முப்பது முதுகில் என் கணவர் சிரித்துக்கொண்டு என்னைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். வருகிறேன் என்று கேட்டு வந்தவள் நான்தான் என்றாலும், அந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டீச்சர் கடைசியில்தான் வந்தாள். விசில் ஊதினால் உடனே பாட்டிலை எடுத்தாள். முதல் நிறுத்தத்தில் நான் இறங்கிப் போய் அவள் காதோடு, “போதும்மா, குடிக்காத” என்றேன். தலையாட்டினாள். அண்ணன் வரிசைக்கு முன்னால் வந்து நின்றதும் அவசர அவசரமாக மிச்சத்தைக் குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டினாள். அண்ணன் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கண் ஒரு நொடி என்மேல் பட்டு விலகியது.

வெயில் உச்சிக்கு ஏறியபோது பயன்படாமல் கிடந்த ஒரு பழைய சுங்கச்சாவடியை நெருங்கினோம். கூரை மட்டும் இருந்தது. வேகமாகப் போனவர்கள் அங்கே நிழலில் காத்திருந்தார்கள். டீச்சர் கூரையை எட்டவில்லை. கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, சைக்கிள்மேல் கவிழ்ந்து நின்றாள். நானும் டிரைவரும் ஓடினோம். “தலை வலிக்குதுக்கா” என்றாள். அடுத்த நொடி வாந்தி. தண்ணீர். அதே தெளிந்த தண்ணீர்.

எடைமெஷின் நிழலிலிருந்து பாட்டிலோடு ஓடி வந்தார். “தண்ணி குடிங்க டீச்சர், தண்ணி குடிங்க!” என்று மூடியைத் திறந்து அவள் வாயருகே கொண்டுபோனார். நான் தடுக்கக் கையை நீட்டினேன். என் கை போவதற்குள் இன்னொரு கை வந்து அந்தப் பாட்டிலைத் தட்டிவிட்டது. பாட்டில் ரோட்டில் உருண்டு ஓடியது.

அண்ணன்.

“குடுக்காத! ஒரு சொட்டு குடுக்கக் கூடாது!” என்று கத்தினான். டீச்சர் தோளைப் பிடித்து, “எத்தன பாட்டில் குடிச்சே? சொல்லும்மா, எத்தன?” என்று உலுக்கினான். அவள் குளறினாள். அவன் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினான். “தண்ணி அதிகமாயிடுச்சு. உப்பு இறங்கியிருக்கும். அதுக்கான மருந்தை ரெடியா வைங்க” என்று ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான். அவளைத் தூக்கி வேனில் படுக்க வைத்தான். குழுவில் ஒரு பெண்ணை உடன் ஏற்றி, “வழியில யாரு சொன்னாலும் குடிக்கக் குடுக்காதீங்க” என்று அனுப்பிவிட்டான்.

அந்த டீச்சர் பிழைத்துக்கொண்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் வேனில் ஏறவில்லை. ரோட்டில் நானும் அவனும் நின்றோம். மற்றவர்கள் கூரையடியிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தார்கள்.

“உனக்கு எப்ப தெரியும்?” என்றேன்.

“என்ன எப்ப தெரியும்?”

“அண்ணா.”

ஹெல்மெட்டைக் கழற்றினான். நெற்றியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. “அன்னிக்கேம்மா. நீ ஐசியு வாசல்ல சுருண்டு கிடந்தே. டாக்டர் எங்கிட்டதான் மொதல்ல சொன்னாங்க.”

“எனக்கும் சொன்னாங்க.”

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. “உனக்குத் தெரியுமா?”

“தெரியும். உனக்குத் தெரிஞ்சா நீ செத்துப் போயிடுவியோன்னு பயந்து ஒரு வருஷமா முழுங்கிக்கிட்டு இருக்கேன். கேட்டவங்களுக்கெல்லாம் வெயில்னு சொன்னேன். உனக்காகச் சொன்னேன். நீ என்னடான்னா தெரிஞ்சுக்கிட்டே விசில் ஊதியிருக்கே. தெரிஞ்சுக்கிட்டே அவர் மூஞ்சியப் போட்டுக் குடி குடின்னு எழுதச் சொன்னே. என் கையாலயே வெட்ட வச்சே.”

“நிறுத்திடலாம்னு எத்தனையோ தடவ நெனச்சேம்மா.” குரல் உடைந்தது. “நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. ஒருத்தர் கேட்டாப் போதும், எல்லாம் வெளிய வந்துடும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கலாம்னு இருந்தேன்.”

இவன்தான் எனக்குத் தலை பின்னிவிட்டவன். அவன் தெரியாமல் கொன்றதை நான் ஒரு வருஷத்துக்கு முன்பே மன்னித்துவிட்டேன். அதைச் சொல்லி அழ அவன் என் வீட்டு வாசல்வரை வந்திருக்கலாம். தினமும்தான் வந்தானே! செயினைத் துடைத்தானே! அந்த ரோட்டில் நிற்கும்போது அவன்மேல் எனக்கு வெறுப்பு வந்தது. சுத்தமான வெறுப்பு, அதில் வேறெதுவும் கலக்கவில்லை.

ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் பயம். எடைமெஷின்தான் கேட்டார். “என்ன மாஸ்டர் ஆச்சு டீச்சருக்கு? ஏன் தண்ணி குடுக்கக் கூடாதுன்னீங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தான். சொல்லாதே என்று அவன் கண் கெஞ்சியது. நீயே சொல் என்று என் கண்ணும் கெஞ்சியிருக்கும். நான் காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன்.

“வெயில்தான்” என்றான் அண்ணன். “இன்னிக்கு வெயில் ரொம்ப ஜாஸ்தி. அதான்.”

அதற்குமேல் நான் சும்மா இருக்கவில்லை. டாக்டர் எனக்குச் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவர் வெயிலில் சாகவில்லை என்றேன். யார் குடிக்க வைத்தது, எவ்வளவு, எதுவரை என்றெல்லாம் சொன்னேன். அண்ணனுக்கு இது அன்றைக்கே தெரியும் என்பதையும் விடவில்லை. என் குரல் உயரவில்லை. பட்டறையில் அளவு சொல்கிற குரலிலேயே சொல்லி முடித்தேன்.

எடைமெஷின் உருண்டுபோன பாட்டிலைத் தேடி எடுத்து, காலியான அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப... நாங்க போன வருஷம் கீழ ஊத்தினோமே...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

“ஆமா” என்றேன். “அதனாலதான் இருக்கீங்க.”

அவர் கூரையடிக்குத் திரும்பிப் போனார். ஒவ்வொருவராக அவர் பின்னாலேயே போனார்கள். முதுகில் சிரிக்கும் என் கணவரோடு அண்ணன் ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தலையில் ஒன்றும் இல்லை. தார் உருகிக்கொண்டிருந்தது. நிழல் எட்டி நடந்தால் வந்துவிடும் தூரம்தான். வா என்று நான் கூப்பிடவில்லை.